திரைக்கு அப்பால் மூன்று களவா

முன்னொரு காலத்தில், கடல் வந்து கோட்டைச் சுவரைத் தொட்டுப் போகும் நெய்தல்புரியைப் பவளவண்ணன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவான்.

ஒருநாள் செங்களவா மீனைத் தின்றுவிட்டு, "ஆகா, இதுவல்லவோ மீன்!" என்றான். சொன்னவன் மறந்துவிட்டான். உணவு மேற்பார்வையாளர் வீரசிகாமணி மறக்கவில்லை. "இனி அரண்மனைக்குச் செங்களவா மட்டுமே வரவேண்டும். கருங்களவாவும் புள்ளிக்களவாவும் கோட்டைக்குள் நுழையக்கூடாது" என்று முரசு அறைந்துவிட்டார்.

செங்களவா கிடைப்பது தொலைவில் உள்ள பாறைத்திட்டில். அது காற்றுக்காலம். முந்தின வாரம்தான் ஒரு கட்டுமரம் அங்கே உடைந்தது. இப்போது, விடிந்ததும் எல்லாக் கட்டுமரங்களும் அங்கே போகவேண்டும் என்று உத்தரவு வந்ததும், மீன்காரி சங்கம்மை நேரே அரசவைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, உடைந்தது என் தம்பியின் மரம். பலகையைப் பிடித்துக்கொண்டு கரைசேர்ந்தான். நாளை போனால் பலகையாவது மிஞ்சுமா, தெரியாது. கரையோரமே கருங்களவா குவிந்து கிடக்கிறதே!"

"கருங்களவாவா? அதைத் தின்பதும் செருப்பைத் தின்பதும் ஒன்று!" என்றார் வீரசிகாமணி.

"ஐயா செருப்பைத் தின்று பார்த்திருக்கிறீர்கள். நான் பார்த்ததில்லை."

சபை சிரித்தது. வீரசிகாமணி சிவந்துபோனார். "நாக்கில் வைத்ததும் செங்களவாவைக் கண்டுபிடிப்பேன். தோற்றால் உங்கள் கட்டுமரத்தில் ஏறி நானே பாறைத்திட்டுக்குப் போகிறேன்!"

"நான் தோற்றால் நாளைக்கே நானும் ஏறிப் போகிறேன். ஆனால் மூன்று களவாவையும் மகாராஜாவும் கூடவே ருசிக்கவேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவே திரை வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் சொல்லக்கூடாது."

அரசனுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. மாலையில் பந்தி போட்டார்கள். தோலை உரித்துவிட்டால் எல்லாக் களவாவும் வெள்ளைச் சதைதான். சங்கம்மை மூன்றையும் அப்படித்தான் சமைத்திருந்தாள். ஆனால் அவள் கட்டிய திரை தரையிலிருந்து ஒரு முழம் தூக்கலாக நின்றது.

முதலில் தேங்காய்ப்பால் சொதி. வீரசிகாமணி ஒரு வாய் போட்டார். பார்வை திரைக்கு அடியில் போனது. அரசனின் கால் அசையவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து, சங்கம்மை முதல்நாளே தன் வீட்டில் வைத்திருந்து கொண்டுவந்த புளிக்குழம்பு. அங்கே அரசனின் கால் பெருவிரல் மெல்ல ஆடியது. பிறகு வேகமாக ஆடியது.

மூன்றாவது மிளகு தடவிய வறுவல். விரல் ஓய்ந்துவிட்டது.

"இரண்டாவதுதான் செங்களவா! அந்தச் சுவையே சொல்கிறதே!" என்று எழுந்தார் வீரசிகாமணி.

சங்கம்மை ஒரு கூடையைத் திறந்தாள். குழம்பில் வெந்த மீனின் தலை அதில் இருந்தது. அடுப்புக்கரி போலக் கறுப்பு.

"சொதியில் இருந்ததுதான் செங்களவா, ஐயா. பூப்போன்ற சதை, புளியில் கொதித்தால் உதிர்ந்துவிடும். புள்ளிக்களவா வறுவலுக்கு. கருங்களவா தடித்த மீன். ஓர் இரவு புளியில் ஊறினால்தான் அதன் ருசி வெளியே வரும்."

"பிறகு இவர் ஏன் இரண்டாவதைச் சொன்னார்?" என்றான் அரசன்.

"அவர் மீனை எங்கே சுவைத்தார், மகாராஜா? உங்கள் கால் விரலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்! ருசித்தால் அது ஆடும். பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான்."

அரசன் தன் காலைக் குனிந்து பார்த்தான். சபை சிரித்தபோதும் அவன் சிரிக்கவில்லை.

"எத்தனை நாள் இவர்கள் என் காலைப் பார்த்து நாட்டை நடத்தினார்களோ" என்றான் மெதுவாக. "நான் என்றோ சொன்ன ஒரு வார்த்தைக்கு உன் தம்பி கடலில் கிடந்திருக்கிறான். எனக்கு அது நினைவில்கூட இல்லையே."

அன்றே முரசு மாற்றி அறையப்பட்டது. இனி கரையோரம் எந்த மீன் கிடைக்கிறதோ அதுவே அரண்மனைச் சட்டிக்கு. சங்கம்மையின் தம்பிக்குப் புதுக் கட்டுமரம். சங்கம்மைக்கு, எப்போது வேண்டுமானாலும் சபைக்கு வந்து பேசும் உரிமை.

காற்று அடங்கியதும் வீரசிகாமணியும் பந்தயப்படி பாறைத்திட்டுக்குப் போனார். ஒருநாள் கழித்து, நனைந்த தலைப்பாகையோடு தள்ளாடி அரசவைக்கு வந்தார்.

"என்ன வீரசிகாமணி, இன்று எந்தக் களவா சமைக்கலாம்?" என்றான் அரசன்.

அவர் அரசனின் காலைப் பார்க்கவில்லை.

"எது பக்கத்தில் கிடைக்கிறதோ அது, மகாராஜா!"