கடைசி பிளாக்

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள் கோகிலவாணி. வயது இருபத்தேழு. அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் நாச்சிமுத்து, வயது அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குரு சின்னவள், சீடர் பெரியவர் என்பதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள்தான் யார் யாருக்குக் கற்றுத் தருகிறார்கள் என்று புரியாமல் விழிப்பார்கள்.

அவர் சீடரான கதை சின்னது. உடைந்த டிஸ்ப்ளேயை மாற்ற வந்தவர், அவள் மேஜையில் ஒரு பழைய போன் சார்ஜரில் செருகியபடி கிடப்பதைப் பார்த்தார்.

"இது யாருதுங்க அம்மணி?"

"என்னுதுதானுங்க சார். நோடு ஓடுது."

"அப்படின்னா?"

"பிட்காயின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல யார் யாருக்கு அனுப்பினாலும் ஒரு பிளாக்குல பதிவாகும். ஒண்ணு பின்னால ஒண்ணா சங்கிலி மாதிரிப் போயிட்டே இருக்கும். இந்தப் போன் முதல் பிளாக்குல இருந்து ஒவ்வொண்ணையும் வாங்கி, தானே சரி பார்க்கும். அடுத்தவன் பார்த்துட்டேன்னு சொன்னா நம்பாது."

"இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுங்க."

"சும்மாவே சரி பார்க்குதா?"

"சும்மாவேதானுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் போல இன்னொன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த வாரமே தன் போனிலும் அதைப் போட்டுத் தரச் சொல்லி வந்து நின்றார். அவளும் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளைக் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான். ஆனாலும் தினமும் பதினோரு மணிக்கு இரண்டு டீயோடு வந்துவிடுவார்.

யாரையும் எளிதில் நம்பாத மனிதர். அதிலும் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் தன் சொந்தத் தம்பி சென்னியப்பனை ஒன்பது வருடமாக நம்புவதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே தம்பி எழுப்பிய மதில் சுவர் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது அண்ணன் கட்சி. வரவே இல்லை என்பது தம்பி கட்சி. முதலில் போனில் கத்திக்கொண்டார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது.

இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். நாளை மறுநாள். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் மனிதர் இரண்டு நாளாகத் தட்டில் கை வைக்கவில்லை. கோகிலவாணிக்கு அவர் மனைவி போன் போட்டு, அழாத குறையாக இதைச் சொல்லியிருந்தார்.

அன்று நாச்சிமுத்து டீ இல்லாமல் வந்தார்.

"குருவே, நின்னு போச்சு."

போன் தோசைக்கல்லாகச் சுட்டது. அவள் அதை ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து மேஜை விசிறியைத் திருப்பினாள். 2013-ஆம் வருடத்து பிளாக் ஒன்றில் நோடு முடங்கிக் கிடந்தது. இடம் இல்லை என்றது திரை.

"சரி பார்த்த பழைய பிளாக்கை அப்பப்ப அழிக்கற மாதிரி வெச்சுக் குடுத்திருந்தேனே. யாருங்க மாத்தினது?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"அழிச்சுட்டா அப்புறம் அது என்ன முழு நோடு? நாளைக்கு எவனாவது கேட்டா எதைக் காட்டறது? அழிக்க வேண்டாமுங்க. பெரிய மெமரி கார்டா ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்."

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று அவள் பார்த்தாள். நோடு பிடித்தது பாதி இடம்கூட இல்லை. மீதியெல்லாம் ஒரே ஃபோல்டர். பெயர்: சென்னியப்பன் ஆதாரம்.

"இது என்னங்க சார்?"

"அதைத் தொடாதீங்க அம்மணி."

உள்ளே இருநூற்றுப் பதினான்கு போன் பதிவுகள். கூடவே மாதா மாதம் ஒன்றாம் தேதி மொட்டை மாடியில் நின்று அந்த மதிலை எடுத்த வீடியோக்கள், நூற்றெட்டு. எல்லா வீடியோவிலும் சுவர் ஒரே இடத்தில் நின்றது.

"இதெல்லாம் திரும்பக் கேட்டிருக்கீங்களா?"

"ஒவ்வொண்ணும் பத்துத் தடவை கேட்டிருப்பேன். அவன் பேசினது ஒரு வார்த்தை விடாம மனப்பாடம்."

கோகிலவாணி விசிறியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினாள்.

"ரயில்ல டிக்கெட் பார்த்ததும் என்ன பண்ணுவீங்க சார்?"

"பேனாவுல ஒரு கோடு போட்டு அவங்க கையிலயே குடுத்துருவேன்."

"நீங்க வெச்சுக்க மாட்டீங்களா?"

"நான் எதுக்குங்க வெச்சுக்கோணும்? அதான் பார்த்தாச்சே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மேஜை மேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அந்த நரைத்த தலையைப் பார்க்க அவளுக்குப் பிரியமாக இருந்தது.

பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே, போன ஞாயிற்றுக்கிழமை பதிவான ஒன்று இருந்தது. பதினோரு விநாடி.

"இது?"

"கூப்பிட்டிருந்தான். போன் தானாப் பதிஞ்சுக்கிச்சு."

"இதை எத்தனை தடவை கேட்டீங்க?"

ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"திரும்பக் கேக்கலீங்க."

அவள் கேட்க வைத்தாள். ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு கரகரத்த குரல்: "அண்ணா... புள்ள உன்னையத்தான் கேட்டுட்டே இருக்கறா. வா." அப்புறம் ஐந்து விநாடி வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் காத்திருந்தது, இந்தப் பக்கம் ஒருவர் வாயே திறக்கவில்லை.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"வான்னு சொல்றான். மனசாரச் சொல்றானா, ஊரு பேசுமேன்னு சொல்றானா? அது எப்படீங்க தெரியும்?"

"அந்த இருநூத்திப் பதினாலுல இதுக்குப் பதில் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மனசாரத்தான் சொல்றாருன்னு நான் சொன்னா?"

அவர் வருத்தத்தோடு சொன்னார். "நம்ப மாட்டேனுங்க."

"எனக்குத் தெரியுமுங்க சார்."

நோடை அவள் பழையபடி மாற்றி வைத்தாள். திரை ஒரு கணம் யோசித்தது. பார்த்து முடித்த பிளாக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று, 2013 மெல்ல நகர ஆரம்பித்தது. ஆதார ஃபோல்டரை அவள் தொடவில்லை. சூடு தணிந்திருந்த போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப இந்தக் கடைசி ஒண்ணை நான் எப்படிச் சரி பார்க்கறது குருவே?"

"முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?" என்றாள் கோகிலவாணி.