சீனித்தாய் பேரில் ஒரு கல்

கொம்பையா மடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு சொல்லுக்காக.

அவர் மகள் சீனித்தாய் எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்துப்போனாள். ஊரே வந்து உட்கார்ந்து, நாளாக நாளாக ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனது. மலையடிவாரத்து மடத்துச் சாமி ஒருவர்தான், "இது ஆறாது அண்ணாச்சி" என்றார். சாமிக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கொம்பையாவுக்கு ஐம்பது. ஒரு மனிதராவது பொய் சொல்லவில்லையே என்று கொம்பையா அங்கேயே தங்கிவிட்டார். தண்ணீர் எடுத்தார், முற்றம் பெருக்கினார். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சாமியின் பேச்சு எல்லாமே அப்படித்தான். பிறந்தவன் பாடு பட்டே தீர வேண்டும், ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும், தப்பித்தவர் யாரும் இல்லை என்பார். வரம் கேட்டு வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள். கொம்பையாவுக்கு மட்டும் அது வெல்லமாக இனித்தது. சங்கிலியும் பிறந்தவன்தானே? அவனும் பட்டுத் தீர வேண்டும் அல்லவா?

சங்கிலி வண்டிக்காரன். சீனித்தாய்க்கு வலி கண்ட அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊரில் இருந்தது அவன் வண்டி ஒன்றுதான். "மாட்டுக்குக் குளம்புல புண்ணு, நடக்காது" என்று சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் அதே மாடு அதே வண்டியைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனதைக் கொம்பையா தம் கண்ணால் பார்த்தார்.

பிள்ளை சுமந்தபடி செத்தவள், சுமையை இறக்காமலே போனவள். அவள் பேரில் வழியோரம் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கல். தலைச்சுமைக்காரர்கள் துணைக்கு ஆள் தேடாமல் சுமையை அதன்மேல் சரித்து வைத்துவிட்டு நிற்கலாம். பிறகு தாங்களாகவே தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

கொம்பையா மட்டும் நடவில்லை. சந்தைக்குப் போக மடத்து வழியாக ஒரே பாதைதான். அதில் சங்கிலியும் போவான். இப்போது அவனுக்கு வண்டியும் இல்லை, மாடும் இல்லை. விறகைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

ஒரு நாள் கொம்பையா சாமியிடம் போய் நின்றார்.

"கல்லை நட்டுரலாம்னு இருக்கேன் சாமி. எனக்கும் வயசாயிட்டு. ஆனா அதுல அவன் சுமை ஏறக் கூடாது."

"கல்லை நடுங்க" என்றார் சாமி.

சங்கிலி குள்ளன். அவன் உச்சந்தலை கொம்பையாவின் தோளுக்குத்தான் வரும். கொம்பையா குறுக்குக் கல்லைத் தம் கழுத்து மட்டத்துக்கு வைக்கச் சொன்னார். கல்தச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டு உசரமா?"

"எம் பிள்ளை கல்லு. நான் சொல்ற உசரம்."

கல் நட்டு முடிந்த மறுநாள் காலை கொம்பையா எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தார். சங்கிலி வந்தான். யார் பேரில் நட்ட கல் என்று தெரிந்தது போல ஒரு கணம் தயங்கினான். பிறகு கிட்டே போய் விறகுக் கட்டைச் சரிக்கப் பார்த்தான். கட்டு கல்லின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. எம்பினான். அப்போதும் ஏறவில்லை. கொம்பையாவைத் திரும்பிப் பார்க்காமலே நடந்துவிட்டான்.

அன்று கொம்பையா வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் குருவம்மா வந்தாள். கரிமூட்டை சுமக்கிறவள். கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"யாரு தாத்தா இதை நட்டது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்கு, நல்லாருக்கு. ஒட்டகம் மூட்டை தூக்கிட்டு வந்தா வசதியா வைக்கும்."

மூட்டையைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். கிளம்பும்போது மூட்டை முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

"வேடிக்கையா பாக்குறீங்க? ஒரு கை குடுங்க."

கொம்பையா தூக்கிவிட்டார். அவருக்கே மூச்சு இரைத்தது.

"இன்னைக்கு நீங்க இருந்தீங்க. யாரும் இல்லாதப்போ கீழ போட்டா நானும் மூட்டையும் இங்கயே கெடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

யாரும் இல்லாதபோது. அந்தச் சொல் கொம்பையாவை விடவில்லை. சீனித்தாய் செத்த அன்று, சங்கிலி வீட்டுக்குப் பிறகும், கட்டிலோடு தூக்கிப்போக ஆள் கேட்டு எட்டு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார் அவர்; ஒருவரும் வரவில்லை.

சாமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கொம்பையா எதிரே உட்கார்ந்தார்.

"கல்லை இறக்கினா அவனும் வைப்பான் சாமி."

"வைப்பாரு."

"மாட்டுக்குப் புண்ணுன்னு சொன்னது பொய்யி."

"பொய்யாவே இருக்கட்டும்."

"எம் பிள்ளை கல்லுல அவன் பாரம் குறையணுமாக்கும்?"

"குறையும்னு யாரு சொன்னா? வச்சதைத் திரும்பத் தலையில ஏத்திக்கிட்டுத்தான் போகணும். சந்தை கிட்டக்க வந்துராது. நாளைக்கும் சுமக்கணும். சாகிற மட்டும் சுமக்கணும்."

"அப்போ கல்லு எதுக்கு?"

"நாலு மூச்சு விடலாம்."

"நாலு மூச்சுதானா?"

"அதுக்கு மேல ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்க இங்க ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. நானும் தேடிப் பார்த்துட்டேன்."

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது.

"பன்னிரண்டு வருஷமா உங்க காலடியில கெடக்கேன். எனக்கு அந்த நாலு மூச்சைக்கூட நீங்க குடுக்கலையே!"

"ஆறாதுன்னு சொன்னேனே" என்றார் சாமி.

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். சாமி காயை நறுக்கி முடித்தார். சட்டியில் அள்ளிப் போட்டார்.

கொம்பையா எழுந்து போய் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"குழியை இன்னும் தோண்டினா தூண் இறங்கும். எம்புட்டு இறக்கணும் சாமி? அந்தப் பய உசரத்துக்கா?"

"அவரை விடுங்க. சீனித்தாய் எம்புட்டு உசரம்?"

கொம்பையாவின் வலது கை தானாக எழுந்து, அவர் தோளுக்குச் சற்றுக் கீழே, அங்கே ஒரு தலை இருப்பது போலக் கவிழ்ந்து நின்றது. அதைக் கீழே போட அவரால் முடியவில்லை.

சாமி அந்தக் கையைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு சாண் கீழ வைங்க அண்ணாச்சி" என்றார்.