முதல் வெந்நீர்

"அம்மா, நான் என்ன குத்தம் பண்ணினேன்? ஆசையா வாங்கின ஹீட்டரை ஏன் தொடவே மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் சிங்காரவேலு. ஓய்வு பெற்ற தாசில்தார். அறுபது தாண்டி மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

குரு உண்ணாமுலை அம்மாள், அவரைவிட இருபது வயது சின்னவர். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்து விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலைக் கேட்கப் பொறுக்காமல்தான் மனுஷன் போனில் ஹீட்டர் வாங்கி, அம்மாவின் குளியலறைக் குழாயில் மாட்டியும் விட்டார்.

"செஞ்சவன் பேரு, ஊரு?"

சிங்காரவேலு அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட மறந்திருப்பான்மா."

"ஐ.எஸ்.ஐ. முத்திரை?"

"அதையும் மறந்திருப்பான்."

"பிளக்குல எர்த் கம்பி?"

"பாவம், எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுப்பான்? விலை கடையில விக்கிறதுல கால்வாசிம்மா. நாலாயிரம் பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க!"

பட்டாவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஊர் ஜனத்தை அலைய விட்ட ஆள் சார் இவர்!

"நாலாயிரம் பேரா! யாரையாவது தெரியுமா?"

"தெரியாது. ஆனா எல்லாரும் நல்லவங்க."

அம்மா துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

அந்த மடத்தில் எது வந்தாலும் முதலில் அம்மாவுக்கு. முதல் மாம்பழம், முதல் தோசை, எல்லாமே. வழக்கம் மாறியதே இல்லை.

"இன்னைக்கு முதல் வெந்நீர் உங்களுக்கு. போங்க."

சிங்காரவேலு பூரித்துப்போய் உள்ளே நுழைந்தார். கதவைச் சாத்தினார்.

குழாய் இரும்பு. தரை ஈரம். செருப்பு வெளியே கிடந்தது.

சுவிட்ச் பக்கம் போன விரல் பாதியில் நின்றது.

"என்ன தாசில்தாரே, சத்தத்தையே காணோம்?"

"யோசிக்கறேன்மா."

"எனக்கு மாட்டறப்போ யோசிக்கலையே?"

அவருக்குச் சுருக்கென்றது. இந்த ஈரத்தில் அம்மாவையல்லவா நிற்க வைக்கப் பார்த்தோம் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினார்.

"அம்மா..."

"சொல்லுங்க."

"பச்சைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லதுன்னு நீங்க அடிக்கடி சொல்வீங்களே?"

அம்மா இருமி முடித்தார்.

"நான் எப்போய்யா சொன்னேன்?"

"இப்போ சொல்லுங்கம்மா."