வழக்கோடு நடந்த பலாப்பழம்

முன்னொரு காலத்தில், ராஜ்ய காரியம் போக மிச்ச நேரமெல்லாம் பலாப்பழத்தைப் பற்றியே யோசிக்கும் மன்னர் ஒருவர் இருந்தார். அரண்மனைத் தோட்டத்துத் தேன்பலா முதன்முதலாகக் காய்த்தது. ஒரே ஒரு காய். "இது எமக்கு மட்டுமே. களவு போனால், பழம் எவனிடம் இருக்கிறதோ அவனே கள்வன். அவன் கை வெட்டப்படும்" என்று பறையறைந்து அறிவிக்கச் செய்தார்.

பழுத்த அன்றே பழம் காணாமல் போனது. அரசவை விகடன் சொக்கப்பன் வீட்டு வைக்கோற்போருக்குள் கிடைத்தது. அங்கே தேடச் சொன்னவர் மந்திரி கோதண்டர். சபையில் தம் பேச்சுக்குக் கொட்டாவியும் சொக்கப்பன் பேச்சுக்குச் சிரிப்பும் கிடைப்பதை நெடுநாளாகப் பொருமிக்கொண்டே பார்த்தவர் அவர்.

மன்னருக்குச் சொக்கப்பன் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? "வழக்கு முறைப்படி நடக்கட்டும்" என்றார். முறை என்னவென்று அவருக்கே அரைகுறையாகத்தான் தெரியும். காவல் தலைவர் பிடிப்பார், விசாரணை அதிகாரி விசாரிப்பார், தர்மாதிகாரி சாட்சி கேட்பார், மந்திரி சரிபார்ப்பார், கடைசியில் தம்மிடம் வரும். நடுவில் என்ன நடக்கிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஒருவழியாக வழக்கு வந்து சேர்ந்தது. சொக்கப்பன் கைகட்டி நின்றான். பக்கத்தில் ஒரு மூங்கில் தட்டு. அதில் கொஞ்சம் பலாக்கொட்டை.

"பழம் எங்கே?" என்றார் மன்னர்.

"நான் அனுப்பும்போது முக்கால் பழம் இருந்தது, பிரபு" என்றார் காவல் தலைவர். "அரண்மனைப் பலாதானா என்று உறுதி செய்யாமல் தன்னைப் பிடிக்கக் கூடாது என்று இவன் வாதாடினான். தேன்பலாவை ருசி பார்க்காமல் எப்படி அறிவது?"

"காவலர் சொல்லை அப்படியே நம்புவது விசாரணைக்கு அழகல்ல என்றான், பிரபு. நியாயமாகப் பட்டது. நானும் உறுதி செய்தேன்" என்றார் விசாரணை அதிகாரி.

தர்மாதிகாரி தம் குமாஸ்தாக்களோடு சேர்ந்து உறுதி செய்திருந்தார். மிஞ்சிய சுளைகளை மந்திரி சரிபார்த்திருந்தார்.

மன்னருக்குத் தலை சுற்றியது. யாரைக் கேட்டாலும் பதில் சரியாகத்தான் இருந்தது, பழம்தான் இல்லை. "சொக்கப்பா, எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கள்வன் யார்?"

"தங்கள் ஆணைப்படி, பழம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான், பிரபு. என்னிடம் இல்லை. இவர்கள் வயிற்றில் இருக்கிறது."

அதிகாரிகள் தங்கள் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். மந்திரி பதறி முன்னால் வந்தார். "பிரபு, பொருள் ஒருவரிடம் இருப்பதாலேயே அவர் கள்வராகிவிடுவாரா? அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க வேண்டாமா?"

சொக்கப்பன் அவரைக் கும்பிட்டான். "பிடிபட்ட நாளிலிருந்து நான் கதறியது இதைத்தான், ஐயா. ஒருவரும் காது கொடுக்கவில்லை. எல்லோருக்கும் வாயில் வேலை இருந்தது."

மன்னருக்கு இப்போதுதான் தெளிந்தது. "நல்லது மந்திரி, கேட்கிறேன். வைக்கோற்போருக்குள் ஒளிந்திருந்த பழம் உமக்கு எப்படித் தெரிந்தது?"

கோதண்டர் அதிகாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். வழக்கு அவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி காவல் தலைவரிடம் போனது.

"அடுத்த பழம் உனக்கே, சொக்கப்பா" என்றார் மன்னர்.

"பழம் வேண்டாம், பிரபு. பிறகு யாராவது உறுதி செய்ய வருவார்கள். இந்தக் கொட்டைகளைக் கொடுங்கள், சுட்டுத் தின்கிறேன்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் பொற்காப்பைக் கழற்றி, வெட்டுப்பட இருந்த அந்தக் கையில் தாமே மாட்டிவிட்டார்.