பத்து எங்கே இருக்கிறது

"எல்லாரும் சுத்தியலைப் பாத்து மெச்சுதீங்க. சரி, இந்தச் சுத்தியலை அடிச்சது எந்தச் சுத்தியல்..."

திருமலையப்பனின் முதல் மேலதிகாரி தம் ஓய்வு விழாவில் இப்படித்தான் ஏதோ ஆரம்பித்தார். இல்லை, இதற்குப் பக்கத்தில் வேறு ஏதோ. மைக் கிறீச்சிட்டு, ஜனம் பந்திக்கு எழுந்து, மீதிப் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

அது போகட்டும். பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி அறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். திருமலையப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"டீச்சர்! ஒத்துப்போச்சு! ஒரு பைட்டுகூடப் பிசகலை!"

"மெதுவா அண்ணாச்சி. பக்கத்து ரூம்ல டைப்ரைட்டிங் பரீட்சை நடக்கு." சொன்னாளே தவிர, ரெஜினாவும் எழுந்துவிட்டாள்.

ரெஜினா அங்கே விரிவுரையாளர். வயதில் அவருக்கு நல்ல இளையவள், தொழிலில் அவருக்குக் குரு. கணினிக்கு நேரடியாகப் புரியும் வெறும் எண்களாலேயே அவள் ஒரு சின்ன அசெம்பிளர், அதாவது சுருக்கச் சொற்களில் எழுதும் கட்டளைகளை எண்களாக்கும் கருவி, எழுதியிருந்தாள். பெயர் உளி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு கிடையாது. அந்த உளியால் செதுக்கிய கம்பைலர்தான் தச்சன். மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் எண்களாக மாற்றித் தரும். ம்யூனிக் வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பிய திருமலையப்பன், ரெஜினாவிடம் பாடம் கேட்டுக்கொண்டே தச்சனை ஆளாக்கினார்.

தச்சனின் நிரலைத் தச்சனிடமே கொடுத்தால் அது ஒரு புதுத் தச்சனைக் கட்டித் தர வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடி தன்னைப்போல் ஒரு பேரனைக் கட்ட வேண்டும். பிள்ளையும் பேரனும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் வேலை முடிந்ததென்று அர்த்தம். இன்று இருந்தன.

மாலையில் வெளியீடு என்று ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்தாகிவிட்டது. இடைஞ்சல் ஒன்றே ஒன்று. தச்சனோடு சேர்ந்தே போக வேண்டிய உளி, புதிதாக வந்திருக்கும் சிப்பில் ஓடவில்லை. சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

"ஒரு கேள்வி, குருவே." சந்தோஷம் தலைக்கேறினால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கேளும் சீடரே."

"தன்னைத் தானே பெத்துக்கத் தெரிஞ்ச பிறகு தச்சனுக்கு உளி எதுக்கு? தூக்கிட்டா இன்னைக்கே வெளியிட்டுரலாம்."

உளி அவள் பெற்ற பிள்ளை மாதிரி. அவள் முகம் மாறவில்லை.

"வெளியீட்டுச் சாவி உங்க கையிலதானே இருக்கு, தூக்குங்க." பக்கத்து அறையில் ஒரு டைப்ரைட்டர் 'டிங்' என்றது. "கேட்டுச்சா? வரி முடிஞ்சுது, அடுத்த வரிக்குப் போன்னு மணி அடிக்கு. நம்ம நிரல்லயும் அடுத்த வரிக்கு ஒரு குறி போடுதோம்லா? தச்சன் அதை எந்த எண்ணா மாத்தும்?"

"பத்து. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"பத்துன்னு அதுக்கு யார் சொன்னா?"

"நிரல்லயே இருக்கும்."

"காட்டுங்க, பாப்போம்."

அவர் தெனாவெட்டாகத் திறந்தார். இடத்தைக் கண்டுபிடித்தார். 'அடுத்த வரிக்கான குறியைக் கண்டால், அடுத்த வரிக்கான குறியைப் போடு' என்று இருந்தது. இன்னொரு தரம் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது! திருடன் யாருன்னு கேட்டா, திருடினவன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"பத்தைத் தேடுங்க அண்ணாச்சி."

தேடினார். பத்து அங்கங்கே இருக்கத்தான் செய்தது. எண்களைப் பெருக்கும் இடத்தில் ஒரு பத்து, பிழைச் செய்தியில் ஒரு பத்து. அடுத்த வரிக்கான பத்து மட்டும் இல்லை.

"எழுதவே இல்லை!" அவர் திரையை விரலால் தட்டினார். "எங்கயும் எழுதலை டீச்சர், ஆனா சரியாப் போடுது!"

"எப்படி?"

"இதைக் கட்டின தச்சனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அதுக்கு யார் சொன்னா?"

"அதைக் கட்டினது... அதுக்கும் முந்தினது..."

விரல்கள் அதற்குள் பழைய பதிப்புகளைப் புரட்டத் தொடங்கிவிட்டன. போன வருஷத்தில் இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் இல்லை. ரெஜினா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கீழ போங்க."

"போயிட்டேதான் இருக்கேன், இருங்க!"

"அந்தா, அந்தா! தாண்டிட்டீங்க!"

முதன்முதலில் உளியைக் கொண்டு செய்த தச்சன். அதில் மொட்டையாக ஒரு எண்.

"பத்து!" என்று கத்தினார். பக்கத்து அறைக் கண்காணிப்பாளர் சுவரைத் தட்டினார்.

அடுத்த பதிப்பிலேயே அந்தப் பத்தை எடுத்துவிட்டுக் குறியைப் போட்டிருந்தது. காரணம்: 'பார்க்க லட்சணமாக இருக்க.' செய்தவர் பெயர்: திருமலையப்பன்.

"நாந்தான் துடைச்சிருக்கேன்."

"பிரமாதம்னு எழுதி ஏத்துக்கிட்டது யாருன்னும் பாருங்க." ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதனால என்ன, ஒரு வரிதானே? பத்தைத் திரும்ப எழுதிடுதேன். அப்புறம் உளி வேண்டாம்லா?"

"எழுதுங்க. அப்படியே, எழுதாம கைவசம் வேற என்னெல்லாம் வச்சிருக்குன்னு தச்சன்கிட்டயே கேட்டுச் சொல்லிருங்க."

அவர் கீபோர்டில் கை வைத்தார். எடுத்துவிட்டார்.

பக்கத்து அறையில் வரிக்கு வரி மணி அடித்துக்கொண்டிருந்தது.

இன்று வெளியீடு இல்லை என்று திருமலையப்பன் எல்லோருக்கும் எழுதினார். தச்சன் தன்னைத் தானே கட்டி வைத்திருந்த தயார்ப் பிரதியை வெளியீட்டிலிருந்து நீக்கினார்; இனி எடுப்பவர்கள் உளியிலிருந்தே கட்டிக்கொள்ளட்டும். பிறகு உளியைத் திறந்து, முதல் எண்ணிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.