அடுப்பின் முன்னே ஒரு மணி நேரம்

கோத்தகிரியில் கணப்பு அடுப்பு பார்க்கிற மேஸ்திரியம்மா ஒருவர் உண்டு. பெயர் ரெஜினா, வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் படித்தவர் வெள்ளைச்சாமி, வயது ஐம்பத்தாறு. வயதை மட்டும் கேட்டுவிட்டு யார் குரு, யார் சிஷ்யன் என்று எல்லாரும் தப்பாகவே சொல்வார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் அந்த அடுப்புகளுக்கு பெல்லட் விற்கிறவன். மரத்தூளை இறுக்கிச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டின துண்டுதான் பெல்லட். அடுப்பு கரண்டில் ஓடும். உள்ளே ஒரு திருகு துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். ஒரு விசிறி புகையைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே அனுப்பும். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் இறங்குவதற்கு முன்னால், அக்கக்காகக் கழற்றிச் சுத்தம் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதில் ஒரு வாயு இருக்கிறது, மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவன் தூங்கினபடியே போய்விடுவான்.

அடைப்பு வந்தால் அடுப்பைத் தானே நிறுத்துகிற விசை ஒன்று உண்டு. பாதி அடைப்பு அதை ஏமாற்றிவிடும் என்பார் ரெஜினா.

வெள்ளைச்சாமி முப்பது வருஷம் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். ஃபாக்டரியை மூடின பிறகு ரெஜினாவிடம் வந்தார். வந்த முதல் வாரமே ஒரு கேள்வி கேட்டார்.

"மேஸ்திரிம்மா, வேலை முடிஞ்சுதுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

"சொல்றேன் அண்ணே," என்றார் ரெஜினா.

சொல்லவில்லை. இரண்டு சீசன் ஓடிவிட்டது.

ரெஜினாவிடம் ஒரு பழக்கம் உண்டு. சுத்தம் செய்து முடித்ததும் அடுப்பைப் பற்றவைப்பார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்துவார். வீட்டுக்காரர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அடுப்புக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். டீ கொடுத்தால் குடிப்பார். பேச்சுக் கொடுத்தால் பேசமாட்டார். கண்ணை மூடவே மாட்டார். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைச்சாமி கண் அசந்தபோது, முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான்.

வெள்ளைச்சாமிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் ஒரு நாளில் ஐந்து வீடு முடிக்கிறார்கள், இந்தம்மா உட்கார்ந்து டீ குடித்தே மூன்று வீட்டோடு நிறுத்திவிடுகிறது என்று என் கடையில் வந்து புலம்புவார். அடுப்பு என்ன மாப்பிள்ளையா, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க, என்பார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சீசனில், நவம்பர் முதல் வாரம், ரெஜினா அவரை முதன்முறையாகத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பினார். ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர் இருதயராஜ் வீடு. அவருடைய மகள் சுகந்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். குழந்தை படுக்கிற அறையில்தான் அடுப்பு.

வெள்ளைச்சாமி ஒன்றையும் விடவில்லை. வெளியே போய்க் குழாயைத் தேய்த்தார். உள்ளே வந்து சாம்பலை வாரினார். காற்று பலமாக அடித்தது. குழாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து குழந்தைத் துணிமேலெல்லாம் சாம்பலைப் பறக்கவிட்டது. அதனால் வெளியே போய்க் குழாயின் வாயில் ஒரு பழந்துணியைச் செருகிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். அடுப்புக் கதவின் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார். வாயுவைக் கண்டுபிடித்து அலறுகிற சின்னப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை. டிவி ரிமோட்டுக்குப் போட்டுவிட்டேன், நாளைக்கு வாங்கிப் போடுகிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். சரி என்று வெள்ளைச்சாமி சோதனை முடிந்த ஸ்டிக்கரை ஒட்டினார். மழை வந்துகொண்டிருந்தது, கடைசி மினிபஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் உட்காரவில்லை.

பஸ்ஸில் வெற்றிலை எடுக்கப் பையைத் திறந்தார். காலையில் வைத்த துணி ஆறு. பையில் இருந்தது ஐந்து.

குழாயில் செருகின துணியை எடுக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது என்றார் என்னிடம். வண்டியை நிறுத்தச் சொல்லி வளைவிலேயே குதித்தார். போன் பண்ண டவர் இல்லை. மூன்று கிலோமீட்டர் ஏற்றம், கொட்டுகிற மழை, ஐம்பத்தாறு வயது. ஓடினார். வழியெல்லாம் அந்தக் குழந்தையின் முகம்தான், வேறொன்றும் தெரியவில்லை என்றார்.

வீடு இருட்டாக இருந்தது. கதவைத் தட்டினார். சுகந்தி மெழுகுவத்தியோடு வந்து திறந்தாள். தோளில் குழந்தை, உடம்பு முழுக்கக் கம்பளி. அவளுக்குக் கோபம். நீங்கள் போன அஞ்சாவது நிமிஷம் மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது, அடுப்பையே பற்றவைக்க முடியவில்லை, பிள்ளை குளிரில் கத்துகிறது என்று பொரிந்து தள்ளினாள்.

குழந்தை கத்துவதை வெள்ளைச்சாமி கேட்டுக்கொண்டே நின்றார். அந்தச் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை இதுவரை கேட்டதில்லையாம். ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், கரண்ட் இல்லாததற்காகக் கையெடுத்துக் கும்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான். பின்பக்கம் போய்த் துணியைப் பிடுங்கினார். பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

ரெஜினா அப்போது என் கடையில்தான் இருந்தார். வெள்ளைச்சாமி சொட்டச் சொட்ட வந்து நின்று, நடந்ததை எல்லாம் சொல்லி, பையை அவர் காலடியில் வைத்தார். இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்லை என்றார். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டேன்.

ரெஜினா இரண்டே கேள்வி கேட்டார்.

"குழந்தை நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று வெள்ளைச்சாமி தலையை ஆட்டினார்.

"பை உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில எட்டு மணிக்கு அங்க வந்துருங்க," என்று சொல்லிவிட்டு ரெஜினா ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போன் போட்டார். கரண்ட் வந்தாலும் நாங்கள் வருகிற வரைக்கும் அடுப்பைத் தொடவேண்டாம் என்றார்.

மறுநாள் அந்த வீட்டில் இரண்டு மூட்டை பெல்லட் இறக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் இறக்கியிருக்கலாம். காலையிலேயே போனேன். மனசு கேட்கவில்லை.

வெள்ளைச்சாமி அடுப்பு இருந்த அறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். துணியை மறந்ததைச் சொன்னார், ஒரு மணி நேரம் உட்காராமல் பஸ் ஏறியதைச் சொன்னார். சுகந்தி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் வகுப்பில் திட்டுகிற மாதிரியே கால் மணி நேரம் திட்டினார். மனுஷனா நீ என்றார். ஸ்டிக்கர் ஒட்டினாயே, கை கூசவில்லையா என்றார். வெள்ளைச்சாமி வாங்கிக்கொண்டார். பேட்டரி விஷயத்தை வெள்ளைச்சாமி எடுக்கவே இல்லை. அது தன் தப்பில் சேராது என்று நினைத்தாரோ, சொல்ல வாய் வரவில்லையோ, எனக்குத் தெரியாது. ரெஜினா சுவரில் இருந்த பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், வெள்ளைச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். சிஷ்யனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் ஹெட்மாஸ்டர், இனி இந்த ஆள் அடுப்பில் கை வைக்கக்கூடாது, நீங்களே பாருங்கள் என்றார்.

"அவர்தான் பார்ப்பார் சார். நான் உள்ள உட்காருவேன்," என்றார் ரெஜினா.

ஹெட்மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

வெள்ளைச்சாமி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். திருகைக் கழற்றினார், விசிறியைக் கழற்றினார், புகை கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றி ஒட்டியிருக்கிற கயிற்றை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மறுபடி காற்று அடித்தது. மறுபடி துணியைச் செருகத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை குழாய்க்கு நேர் கீழே தன் இடது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தார். அந்தச் செருப்பு இல்லாமல் அவர் வீட்டுக்குப் போக முடியாதே. ரெஜினா அதைப் பார்த்தார். அவர் உதட்டில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

கழற்றினதையெல்லாம் பூட்டி முடித்தார். வெளியே போனார், துணியை எடுத்தார், செருப்பை மாட்டினார். பையைக் கொட்டித் துணிகளை எண்ணினார். ஆறு.

அந்த நேரத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்து டிவி மேலிருந்த ரிமோட்டைத் திறந்தார். பேட்டரியைக் கழற்றி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், சுவரிலிருந்த பெட்டியில் போட்டார். அது ஒரு தடவை கீச்சென்றது.

ராத்திரியே கரண்ட் வந்திருந்ததால் அடுப்பு உடனே பற்றிக்கொண்டது. சுகந்தி குழந்தையோடு வெளியே வெயிலில் உட்கார்ந்தாள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். ரெஜினா நாற்காலியை அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச்சாமி தரையில் உட்கார்ந்தார். நான் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ரெஜினா சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உண்மையாகவே தூங்கிவிட்டார்.

வெள்ளைச்சாமி பாதி எழுந்தார். எழுப்பலாமா என்று கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். பிறகு அந்த ஒரு மணி நேரமும் தீயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ரெஜினா மூச்சு விடுவதைப் பார்த்தார். மறுபடி தீ, மறுபடி பெட்டி, மறுபடி மூச்சு. தீ மஞ்சளாக, சுறுசுறுப்பாக எரிந்தது. கண்ணாடியில் கரி ஏறவில்லை. பெட்டி வாய் திறக்கவில்லை. கண்ணைக் கசக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ரெஜினா கண் விழித்தார். நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கு வருகிற தெளிவு முகத்தில் இருந்தது. கதவைத் திறந்தார்கள். யாரும் சொல்லாமலே சுகந்தி குழந்தையை உள்ளே தூக்கி வந்து, அடுப்பு இருந்த அறையில் தொட்டிலில் போட்டாள். குழந்தை கொட்டாவி விட்டது. ஹெட்மாஸ்டர் உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். வெள்ளைச்சாமிக்கும் சேர்த்துத்தான்.

வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வெள்ளைச்சாமி கேட்டார்.

"நேத்து நான் பண்ணின காரியம் தெரிஞ்சும் எப்படி மேஸ்திரிம்மா தூங்கினீங்க?"

ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். முதல் வாரத்தில் அவர் கேட்ட கேள்விக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"நீங்கதான் முழிச்சிருந்தீங்களே, அண்ணே."