கழுத்துப் பூட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் வருகிறவருக்கும் இடம் வேண்டுமே. இதுவும் இடத்தைப் பற்றின கதைதான்.

ஒரு ஊரில் மின்சார ரயில் ஸ்டேஷன். அதை ஒட்டிப் பள்ளத்தில் ஒரு வண்டி ஸ்டாண்ட். நாற்பது வண்டிக்குத்தான் இடம், நிற்பதோ நூறு. அங்கே ஒரு வழக்கம், எந்த வண்டியும் கழுத்தைப் பூட்டக் கூடாது, அதாவது ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டக் கூடாது. ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் மரியசூசை ஒவ்வொன்றையும் சாண் சாணாக நகர்த்தி, வருவதைச் செருகிவிடுவார். மழைத் தண்ணீர் புகுந்தால் அப்படியே மேட்டுக்கு உருட்டிவிடுவார்.

ஒரு நாள் நீல ஸ்கூட்டர் ஒன்று வந்தது. இருந்த ஒரே வேப்பமர நிழலைப் பிடித்தது. 'கடக்'கென்று கழுத்தைப் பூட்டிக்கொண்டது. சாவி முதலாளியின் சட்டைப்பையில் ரயிலேறிப் போய்விட்டது.

"என்ன தம்பி, கழுத்துல சுளுக்கா?" என்றது பக்கத்திலிருந்த பழைய மொபெட்.

"கழுத்தைக் கொடுத்தா வெயில்ல தள்ளுவாரு. நான் என்ன இளிச்சவாயனா?"

"மழை வந்தா?"

"அப்பப் பாத்துக்கலாம்க்கா. நீ உன் துருவைப் பாரு."

எல்லா வண்டியும் சிரித்தன. சிரித்த பிறகு யோசித்தன. மறுநாள் புல்லட் பூட்டியது. "அண்ணனே பூட்டிட்டாரு, நமக்கென்ன?" என்று ஒரு வாரத்தில் மற்றவையும் பூட்டின.

மொபெட்டை ஓட்டி வருகிறவள் பொற்கொடி, ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிறவள். இன்னொரு நாள் தாமதமானால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். எல்லா வண்டியும் பூட்டிக் கிடந்ததால் ஒரு நாள் ஸ்டாண்டில் நுழைய வழியில்லை.

"ஒரு சாண் தள்ளுங்கப்பா, அவ பொழப்பு போயிரும்" என்று கெஞ்சியது மொபெட்.

"தள்ள மனசிருக்கு, கழுத்து திரும்பலையே" என்றன வண்டிகள்.

அவள் ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஓடினாள். சாயங்காலம் வந்தால் வண்டி இல்லை. ரோட்டை மறித்ததென்று போலீஸ்காரர்கள் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நடந்தே வந்தாள். ரயில் போயிருந்தது. அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு மத்தியானம் ஏரி உடைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் இறங்கியது. மரியசூசை ஓடிவந்து ஒரு வண்டியை இழுத்தார், அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும், "என் மேல குத்தமில்ல சாமி" என்று கும்பிட்டுவிட்டு மேடேறிவிட்டார்.

"தம்பி, பூட்டச் சொல்லிக் கொடுத்தியே, திறக்கவும் சொல்லிக் கொடேன்" என்றது புல்லட். அதன் விளக்கு வரை தண்ணீர்.

ஸ்கூட்டர் கழுத்தைத் திருப்ப ஒரு முறை முக்கிப் பார்த்தது.